கண்டதும் கேட்டதும்: மரமேறும் கங்காரு

சென்ற பொங்கல் விழாவையொட்டி நமது சங்கத்தில் சிறுவர் சிறுமியருக்கென நடைபெற்ற ஓவியப் போட்டியின் முடிவுகளை நேயர்கள் முன்னரே கண்டிருப்பீர்கள். அப்போட்டியின் நடுவர் மூவருள் நாமும் ஒருவர். 'காட்டு விலங்கு' என்பது கொடுக்கப்பட்ட தலைப்பு. யானைகள் பல வந்தன. புலிகள் அவற்றினும் பல வந்தன. ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுவன் மட்டும் கங்காரு ஒன்றை வரைந்திருந்தான். அதுவும் தரையில் அன்று; ஓங்கி வளர்ந்த ஒரு மரத்தின் உச்சிக் கிளையில். முதுகு செம்பழுப்பு, வயிறும் வாலும் மஞ்சள். வயிற்றுப் பையிலிருந்து குட்டி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நடுவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டோம். 'கற்பனை நன்று, ஆயினும் இயற்கைக்கு மாறானது' என்று அந்தத் தாளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

விழா முடிந்து எல்லோரும் சர்க்கரைப் பொங்கலுக்காக வரிசையில் நின்றபோது அந்தச் சிறுவன் நம்மிடம் வந்தான். "மாமா, கங்காரு மரம் ஏறும்" என்றான். அவன் தாயார் நாணத்துடன் அவன் கையைப் பற்றி இழுத்தார். "ஏறாதப்பா, அது தாவித் தாவி ஓடுகிற பிராணி" என்று நாம் பரிவோடு விளக்கினோம். அவன் விட்டுக்கொடுக்கவில்லை. "நியூகினியில் இருக்கிற கங்காரு ஏறும் மாமா. புத்தகத்தில் போட்டிருக்கிறது" என்றான். வீடு திரும்பிய பின் ஐயம் நம்மை விடவில்லை. நூல்களைப் புரட்டினோம். பையன் சொன்னது சரி. நிறங்கூட அவன் தீட்டியபடியே இருந்தது. பரிசுகள் வழங்கப்பட்டுவிட்டன; இனி மாற்றுவதற்கில்லை. எனவே அந்தப் பிழைக்குக் கழுவாயாக இத்திங்களின் பகுதியை மரக் கங்காருவுக்கே உரியதாக்குகிறோம். படிக்கப் படிக்க, அதைக் காட்சி சாலைகளில் வைத்துப் பேணுவோர் பட்ட பாடும் கற்ற பாடமும் நமது உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. ஆதலால் அதைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப் போகிறோம்.

மரக் கங்காருவின் தாயகம் இரண்டு. ஒன்று நியூகினித் தீவின் மழைக்காடுகள். மற்றொன்று ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குவீன்ஸ்லாந்து மாநிலத்து மழைக்காடுகள். ஏறத்தாழ 14 வகைகள் உள்ளன என்பது இன்றைய கணக்கு. அவற்றுள் ஆஸ்திரேலியாவுக்கு உரியவை 2. ஏனையவை நியூகினியைச் சேர்ந்தவை. உலகத்துக் காட்சி சாலைகளில் பெரிதும் காணப்படுபவையும் நியூகினி வகைகள் இரண்டே. பாபுவா நியூகினியின் ஹூவான் தீபகற்பத்து மலைகளில் வாழ்வது மாட்சி மரக் கங்காரு. (மாட்சி என்பது நமது செந்தமிழ்ச் சொல் என்று மகிழ்ந்துவிட வேண்டாம், பெர்லின் நகரத்து விலங்கியல் அறிஞர் பால் மாட்சியின் பெயரை 1907இல் இதற்குச் சூட்டினார்கள்.) மற்றொன்று குட்ஃபெல்லோ மரக் கங்காரு, பெயர் பெற்ற ஆண்டு 1908. செம்பழுப்பு முதுகில் பொன்னிறக் கோடுகள் இரண்டு நெடுகிலும் ஓடுவது இதன் அடையாளம். நமது சிறுவன் வரைந்தது முன்னதை. இரண்டுமே அழியும் நிலையை எட்டியவை என்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன.

கங்காருவின் முன்னோரின் முன்னோர் மரத்தில் வாழ்ந்த சிறு பிராணிகள் என்றும், அவை ஒரு காலத்தில் தரைக்கு இறங்கி வந்து தாவக் கற்றன என்றும் அறிஞர் கூறுகின்றனர். அவ்வாறு இறங்கி வந்த குடும்பத்தின் ஒரு கிளை, பன்னெடுங்காலத்துக்குப் பின் மீண்டும் மரத்துக்கே ஏறிவிட்டது. அதுவே மரக் கங்காரு. தரைக் கங்காருவின் நீண்ட பின்னங்கால் இதற்குக் குறுகி அகன்றது, முன்னங்கைகள் வலுத்தன, நகங்கள் வளைந்தன. தரைக் கங்காரு நிலத்தில் பின்னங்கால் இரண்டையும் சேர்த்தே எடுத்து வைக்கும். மரக் கங்காருவோ ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக் கிளைமேல் நடக்கவும் வல்லது. நீண்ட வால் பற்றிக்கொள்வதற்கு அன்று. கழைக்கூத்தாடியின் கையிலுள்ள மூங்கில்போல் நிலை தடுமாறாமல் காப்பதற்கே. மரத்தில் இது சற்று மந்தமாகவே நடமாடும். ஆனால் ஆபத்து என்று கண்டால் 18 மீட்டர் உயரத்திலிருந்தும் தரைக்குக் குதித்து ஊறின்றி ஓடிவிடும். மலைக்காட்டில் மழை ஓயாது. எனவே தலையைக் குனிந்து முதுகை வளைத்து இது உறங்கும்போது நீர் வழிந்தோடும் வண்ணம், தோளருகே ஒரு சுழி இட்டு மயிர் எதிர்த் திசையில் வளர்ந்திருக்கிறது. இயற்கை தைத்துக் கொடுத்த மழைக்கோட்டு என்று இதைச் சொல்லலாம்.

இத்தகைய பிராணியைப் பிடித்துக்கொண்டு வந்து கூண்டில் வைத்தவர்கள் முதலில் செய்த தவறு, நமது நடுவர் குழு செய்த தவற்றுக்கு ஒப்பானதே. கங்காரு என்றால் கூட்டமாக வாழ்வது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே மரக் கங்காருவையும் ஆணும் பெண்ணுமாக ஒரே அடைப்பில் சேர்த்து வைத்தார்கள். தனியாக இருந்தால் பாவம், ஏங்கிப்போகும் என்று நினைத்திருக்கலாம். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் குட்டிகள் காயமுற்றன, மாண்டன. ஆண்கள் இரண்டை ஓரிடத்தில் விட்டால் சண்டை. பெண்களுக்குள்ளும் பகை மூண்டது. ஏன் இப்படி என்று காப்பாளர்கள் நெடுங்காலம் மயங்கினார்கள்.

காட்டில் மரக் கங்காரு தனித்து வாழும் விலங்கு என்பதுதான் விடை. தாயும் அதன் குட்டியும் சேர்ந்திருப்பதே அதன் குடும்பம். அதற்கு மேல் சுற்றத்தார் கிடையாது. ஆண் தனியே திரியும், பருவம் வந்தபோது பெண்ணைத் தேடி வரும், பின்னர் போய்விடும். மனிதருக்கு எது இனிமையோ அது விலங்குக்கும் இனிமையாக இருக்கும் என்று கருதியதால் வந்த கேடு அது. நாம் இதைப் படித்தபோது, விருந்தாளியை ஒரு நிமிடமும் தனியே விடாமல் உபசரித்துத் திணறடிக்கும் நமது இல்லங்கள் சிலவும் நினைவுக்கு வந்தன. அது நிற்க.

இன்று நல்ல காட்சி சாலைகளில் ஒவ்வொரு மரக் கங்காருவுக்கும் தனியடைப்பு உண்டு. ஆணும் பெண்ணும் கம்பி வலைக்கு இப்பாலும் அப்பாலும் இருந்து ஒருவரையொருவர் மோப்பத்தாலும் பார்வையாலும் அறிந்துகொள்ளும். மாட்சி வகையில் பெண்ணுக்குச் சுமார் எட்டு வாரத்துக்கு ஒரு முறையே பருவம் வருகிறது. காப்பாளர் அந்த நாளைக் கவனித்துக் கணக்கிட்டு, இடைக்கதவைத் திறந்துவிடுவார். ஆண் மெல்லக் கொக்கரிப்பது போன்ற ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டு அணுகும். பெண்ணுக்கு விருப்பமில்லையேல் அறை விழும். உடனே பிரித்துவிட வேண்டும். எனவே அந்நேரம் ஆட்கள் விழிப்போடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கருவுற்ற பின் பெண்ணுக்குத் தனிமை. குட்டி பெரிதாகிப் பிரியும் வரையில் வேறு எவரும் அந்த அடைப்பினுள் வருவதில்லை.

கரு தங்கும் காலம் ஏறத்தாழ 44 நாள். இது குறைவு என்று தோன்றலாம். ஆனால் பையுடைய விலங்குகளுக்குள் இதுவே மிக நீண்டது. தரையில் வாழும் செங்கங்காருவுக்கு 33 நாள்தான். பிறக்கும் குட்டியின் அளவு ஒரு மொச்சைக் கொட்டை. கண் திறவாது, மயிர் முளைத்திராது, பின்னங்கால் உருவே பெற்றிராது. அந்நிலையில் அது தன் முன்னங்கைகளால் தாயின் மயிரைப் பற்றிப் பற்றித் தானே மேலேறிப் பைக்குள் புகுகிறது. அங்கே முலைக்காம்பைக் கவ்வியதும் காம்பு வாய்க்குள் தடித்துக்கொள்கிறது. பல வாரம் வரை குட்டி அதை விடுவதில்லை. எட்டு மாதத்துக்கு மேல், சில வேளை பத்து மாதம் வரையிலும் பையே அதன் வீடு. பிறகும் பால் குடிக்கப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும். ஒரே ஒரு குட்டிக்காக ஓராண்டுக்கு மேல் ஒரு தாய் இவ்வாறு செலவிடுகிறது. ஆதலால் ஒரு குட்டி போனாலும் அது பெரு நட்டம்.

பையினுள் குட்டி இருக்கிறதா, வளர்கிறதா என்று அறிவது எப்படி? முற்காலத்தில் தாயைப் பிடித்து அடக்கியே பார்க்க வேண்டியிருந்தது. அந்த அச்சத்திலேயே தாய்க்கும் குட்டிக்கும் தீங்கு நேரக்கூடும். இப்போது அதற்கு ஓர் அழகான வழி கண்டிருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு ஒன்றைக் காட்டித் தாயைப் பழக்குகிறார்கள். அது தன் முன்னங்கைகளை உயரமான ஒரு கட்டையின்மேல் வைத்து நிமிர்ந்து நிற்கும். காப்பாளர் கையால் பையின் வாயைச் சற்றே விலக்கி உள்ளே நோக்குவார். கிழங்கைத் தின்றுகொண்டே தாய் பொறுத்திருக்கும். இதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும். அதினும் மேலாக அந்த ஆளின்மேல் விலங்குக்கு நம்பிக்கை வேண்டும். நியூகினி மலைநாட்டு மக்களின் முதன்மை உணவும் சர்க்கரைவள்ளிக் கிழங்கே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கிழங்கென்றதும் உணவைப் பற்றி ஒரு சொல். மரக் கங்காரு இலையுண்ணி. மாட்டைப்போல் இதன் இரைப்பையிலும் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்து செரிமானத்துக்கு உதவுகின்றன. இதன் உடலுக்கு வேண்டிய சக்தியும் குறைவே. ஆகவே பழத்தையும் மாவுப் பண்டத்தையும் அன்போடு அள்ளிக் கொடுத்தால் கொழுத்துவிடும். பத்து கிலோ நிறைக்குள் இருக்க வேண்டிய மாட்சி வகை, கூண்டில் அதனினும் பருத்துத் தூங்கி வழிவதுண்டு. எனவே எடை பார்ப்பதும் அன்றாட வேலைகளுள் ஒன்று. மரக்கொப்புகளை வெட்டி வந்து இலையோடு கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஏறித் தின்னட்டும் என்று. இது குளிர்ந்த, முகில் தவழும் மலையில் வாழ்வது என்பதையும் மறத்தற்கில்லை. நமது சமவெளிச் சித்திரை வெயிலில் இதை வைத்துக் காப்பதென்றால் எவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்குமென்று எண்ணிப் பார்க்கலாம்.

நோய்களில் இதற்கு எமனாக வந்தது ஒருவகைக் காசம். மனிதரைப் பற்றும் காசநோய்க் கிருமியன்று. பறவைகளிடமும் மண்ணிலும் நீரிலும் காணப்படும் அதன் இனக் கிருமி. ஏனைய பிராணிகள் பெரும்பாலும் அதை எளிதில் தாங்கிக்கொள்கின்றன. மாட்சி மரக் கங்காருவோ தாங்குவதில்லை. நுரையீரலையும் எலும்பையும் அது அரித்தது. அமெரிக்கக் காட்சி சாலைகளில் பல விலங்குகளை இழந்தார்கள். 1990களில் வாஷிங்டன் நகரத்து ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இவ்விலங்கின் உடலிலேயே குறைவாக இருப்பதைக் கண்டனர். பல மருந்துகளைச் சேர்த்துப் பல மாதம் கொடுத்துச் சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. பறவைகள் எச்சமிடும் இடத்திலிருந்து விலக்கி வைப்பதும், பழைய மண்ணைக் களைவதும் இன்று விதியாகிவிட்டன. பூனையின் எச்சத்தால் பரவும் மற்றொரு நோயும் பையுடைய விலங்குகளைக் கொல்லும். ஆதலால் காட்சி சாலைக்குள் திரியும் பூனை இதற்குப் பகை.

இனி மணவினைக்கு வருவோம். ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தப் பகுதி மிக நன்றாக விளங்கும். கூண்டில் உள்ள மரக் கங்காருக்களின் தொகை மிகச் சிறிது. ஒரு நாட்டில் சில பத்துகளுக்கு மேல் இராது. அவையும் ஒரே ஊரில் இல்லை. ஓர் ஊரில் ஆண், ஆயிரம் கல் தொலைவில் வேறோர் ஊரில் பெண். காட்டிலிருந்து புதிதாகப் பிடித்து வரும் காலம் போய்விட்டது. முதலில் வந்த சிலவற்றின் வழித்தோன்றல்களே எல்லாம். ஆகவே நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்ந்துவிடும் ஆபத்து எப்போதும் தலைமேல் தொங்குகிறது. அமெரிக்கக் கூண்டுகளில் உள்ள மாட்சி மரக் கங்காருக்களின் மரபை ஹூவான் மலையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கூண்டிலுள்ளவற்றில் மரபு வேறுபாடு குறைந்திருப்பது தெரிய வந்தது.

இதற்காகக் காட்சி சாலைகள் சேர்ந்து ஒரு வம்சாவளி ஏட்டைப் பேணுகின்றன. ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண். தாய் யார், தந்தை யார், எந்நாள் பிறந்தது, எங்கே இருக்கிறது, எப்போது இறந்தது என்னும் குறிப்பு. அந்த ஏட்டைப் பொறுப்பேற்றவர், உறவு மிகக் குறைந்த இரண்டைத் தேர்ந்து, 'இன்ன ஊர் ஆணுக்கு இன்ன ஊர்ப் பெண்' என்று பரிந்துரைப்பார். நமது இல்லங்களில் பம்பாய்ப் பையனுக்குக் கல்கத்தாவிலிருக்கும் பெண்ணின் ஜாதகத்தைத் தபாலில் வரவழைத்துப் பார்த்த காலத்தை மூத்தோர் நினைவுகூர்வார்கள். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம்மவர் முதலில் கேட்பது அத்தை மகனையும் மாமன் மகளையும். அங்கோ முறைமாப்பிள்ளை என்ற பேச்சே கூடாது. உறவு எவ்வளவுக்கெவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு நற்பொருத்தம். பொருத்தம் கண்ட பின் மரப்பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்புகிறார்கள். சென்ற இடத்தில் முதல் சில வாரம் நோய்க்காப்புக்காகத் தனித்திருக்க வேண்டும். இவ்வளவும் செய்து அனுப்பிய மாப்பிள்ளையைப் பெண் ஓர் அறை அறைந்து துரத்திவிடுவதும் உண்டு! ஏட்டால் உறவைக் கணக்கிட இயலும். மனத்தைக் கணக்கிட இயலவில்லை.

இந்த வரலாற்றில் நம்மை மிகவும் உருக்கிய நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 2014ஆம் ஆண்டு நவம்பரில் நடந்தது. அவ்வூர்க் காட்சி சாலையில் ஒரு குட்ஃபெல்லோ மரக் கங்காரு மரக்கிளை முறிந்து விழுந்து மாண்டது. அதன் பையில் ஐந்து வாரக் குட்டி ஒன்று உயிரோடிருந்தது. ஐந்து வாரக் குட்டியை மனிதக் கையால் வளர்ப்பது ஆகாத காரியம். அது இன்னும் காம்பை விட்டுப் பிரியாத பருவம். அக்காட்சி சாலையில் பாறை வல்லபி என்னும் சிறு கங்காரு இனத்தில், ஒன்றின் குட்டியை மற்றொன்றின் பைக்கு மாற்றி வளர்க்கும் முறையை 1990கள் முதல் கையாண்டு வந்தனர். ஆனால் மரக் கங்காருவின் குட்டியை எவரும் அவ்வாறு மாற்றியதில்லை. மரத்தில் வாழ்வதன் குட்டி, பாறையில் தாவித் திரிவதன் பையில் பிழைக்குமா? பால் ஒத்துக்கொள்ளுமா? வேறு வழியில்லாமையால் துணிந்தார்கள். மஞ்சட்கால் பாறை வல்லபி ஒன்றின் பைக்குள் அக்குட்டியை வைத்துக் காம்பில் பொருத்தினார்கள்.

குட்டி பிழைத்தது. வளர்ப்புத் தாயின் பையில் சுமார் மூன்றரை மாதம் வளர்ந்தது. அதற்கு மேல் வல்லபியால் சுமக்க முடியாது. மரமேறக் கற்பிக்கவும் அதற்குத் தெரியாது. பிறகு காப்பாளர் ஒரு பெண்மணி அதைத் தம் இல்லத்துக்கே எடுத்துச் சென்று பாலூட்டி வளர்த்தார். துணிப்பையே அதற்கு மூன்றாவது பை. மக்காயா என்று பெயரிட்டார்கள். தேவகி பெற்றதும் யசோதை வளர்த்ததும் நமக்குப் பழகிய கதை. இவனுக்கோ ஒரு தேவகியும் இரண்டு யசோதைகளும்.

மக்காயாவின் கதை அத்துடன் முடியவில்லை. மனிதரிடம் வளர்ந்த விலங்கு தன் இனத்தை இனமென்று அறிந்துகொள்ளாமல் போவது பல முறை நிகழ்ந்திருக்கிறது. வளர்ந்த மக்காயாவை, வம்சாவளி ஏட்டின் ஆலோசனைப்படி 2016இல் சிங்கப்பூர்க் காட்சி சாலைக்கு அனுப்பினார்கள். சிட்னி நகரிலிருந்து நுபேலா என்னும் பெண் அதே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்தது. நுபேலா என்றால் பாபுவா நியூகினியின் பொதுமொழியில் 'புதியது' என்று பொருள். மறு ஆண்டே, 2017இல், இரண்டுக்கும் குட்டி பிறந்தது. சிங்கப்பூரில் உறவினரை உடைய நேயர்கள் நம்மிடையே பலர் உண்டு. அங்குச் செல்வோர் கடைத்தெருவைச் சுற்றுவதில் ஒரு பகலை மிச்சப்படுத்திக் காட்சி சாலைக்கும் போய் வரலாம் என்பது நமது பணிவான யோசனை.

இவற்றை நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "காட்டில் வாழ வேண்டியதைக் கூண்டில் வைத்து வம்சம் வளர்ப்பதில் என்ன பெருமை? காட்டைக் காப்பாற்றினால் போதாதா?" என்று கேட்டார். கேள்வி நேரியதே. நாமும் கூண்டை விரும்புவோர் அல்லோம். ஆயினும் இவ்விலங்கின் வகையில் கூண்டும் காடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்கிறோம். மாட்சி மரக் கங்காரு எவ்வளவு நாள் கருச்சுமக்கிறது, எப்போது பருவமடைகிறது, எத்தனை மாதத்துக்கு ஒரு குட்டி ஈனுகிறது என்பவற்றை, அடர்ந்த இலைக்கூட்டத்தில் கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிந்திருக்கும் ஒன்றைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து அறிந்திருக்க முடியாது. கூண்டில்தான் அறிந்தார்கள். அவ்வாறு கூண்டில் இதன் இனப்பெருக்கத்தை ஆராய்ந்து பட்டம் பெற்ற லீசா டாபெக் என்னும் அமெரிக்க அம்மையார், 1996இல் ஹூவான் மலைக்குச் சென்று இதன் பாதுகாப்புக்கு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சியாட்டில் நகரத்து உட்லண்ட் பார்க் காட்சி சாலை அதைத் தாங்கி வருகிறது.

அம்மலையில் நிலம் அரசாங்கத்துக்கு உரியதன்று, குலங்களுக்கு உரியது. காட்டில் எங்கே வேட்டையாடலாம், எங்கே கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. மரக் கங்காரு அவர்களுக்கு வழிவழியாக இறைச்சி. அதன் தோல் விழாக்கால அணிகலன். 'வேட்டையை நிறுத்து' என்று வெளியார் வந்து சொல்லும் உரிமையில்லை, சொன்னாலும் கேட்பாரில்லை. ஆகவே ஊர் ஊராகச் சென்று பேசினார்கள். யோப்னோ, உருவா, சோம் என்னும் மூன்று ஆறுகள் பாயும் அப்பகுதியில் ஒவ்வொரு குலமும் தன் காட்டில் ஒரு பங்கை வேட்டைக்கு அப்பாற்பட்டதாக ஒதுக்க இசைந்தது. அப்பங்குகளை ஒன்று சேர்த்து, ஆறுகளின் முதலெழுத்துகளால் 'யூஸ்' என்று பெயரிட்டு, 2009இல் பாபுவா நியூகினி அரசு சட்டப்படியான பாதுகாப்பு நிலமாக அறிவித்தது. அந்நாட்டில் அவ்வகையில் அதுவே முதலாவது. பரப்பு 75,000 ஹெக்டேருக்கு மேல். முன்னாளில் வேட்டையாடியவர்களே இன்று காவலர்களாகவும் தடம் காண்போராகவும் பணிபுரிகின்றனர். மரக் கங்காருவை மரத்தில் கண்டுபிடிக்க அவர்களினும் வல்லவர் யார்? அவ்வூரார் விளைக்கும் காப்பிக் கொட்டை சியாட்டிலில் விலைபோகவும் ஏற்பாடு செய்யப்பட்டது. காப்பி என்ற சொல்லுக்கு நமது நேயர்களிடம் தனி விளக்கம் வேண்டியதில்லை.

கூண்டே இல்லாமல் காப்பாற்றப்படும் வகை ஒன்றும் உண்டு. அதே நாட்டின் டோரிசெல்லி மலைத்தொடரில் வாழும் டென்கிலே, 1990இல்தான் அறிவியல் பெயர் பெற்றது. பெயர் பெற்ற சில ஆண்டுகளில் மிஞ்சியிருந்தவை நூறளவே என்று மதிப்பிட்டார்கள். அங்கே ஊரார் வேட்டையை நிறுத்திவைக்க ஒப்பினர். அவர்கள் தட்டில் இறைச்சி குறையாதபடி முயலும் கோழியும் வளர்க்கக் கற்றுக் கொடுக்கப்பட்டது. அதன் பின் டென்கிலே முன்னூறளவுக்குப் பெருகியதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. பசித்த வீட்டில் வனவிலங்கின் அருமையைச் சொல்லி என்ன பயன் என்பதை அங்குப் பணிபுரிந்தோர் நன்கறிந்திருந்தார்கள்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தச் சிறுவனின் இல்லத்துக்குச் சென்று, நாம் எழுதிய பென்சில் குறிப்பை அவன் எதிரிலேயே அழித்தோம். ஓவியத்தைச் சங்கத்து நூலகச் சுவரில் மாட்டுவதற்குச் செயலாளரின் இசைவும் பெற்றாயிற்று. விடைபெறும்போது, படத்தில் ஒரு மூலையில் இன்னொரு கங்காரு தலைகீழாக மரத்திலிருந்து இறங்குவதைச் சுட்டிக்காட்டி, "தம்பி, மரக் கங்காரு இறங்கும்போது வால்தான் முன்னே வரும், தலை பின்னே" என்று சொன்னோம். அவன் சற்று நேரம் நம்மையே பார்த்தான். பிறகு, "புத்தகத்தில் போட்டிருக்கிறதா மாமா?" என்று கேட்டான்.